பாலைவன நகரத்தில் மாடித் தோட்டம்: உண்மையில் தடையாக நிற்பது எது?

பூம்பாறை உழவன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறைப் பக்கம் படிக்கட்டு வயல்களில் பூண்டும் கேரட்டும் பீன்ஸும் போட்டு வரும் குடும்பம் எங்களுடையது. என் தங்கை திருமணமாகி ஷார்ஜாவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருக்கிறாள். அவளும் அதே கட்டடத்தில் இருக்கும் நம் பக்கத்துக் குடும்பங்கள் சிலவும் சேர்ந்து மொட்டை மாடியில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கிக் காய்கறி போடலாம் என்று இருக்கிறார்கள். நல்ல விதை அனுப்ப வேண்டும், செய்முறை சொல்லித்தர வேண்டும், முதல் செலவில் ஒரு பங்கு போட வேண்டும் என்று என்னிடம் கேட்கிறாள். பிள்ளைகள் பீன்ஸ் கொடியைப் பார்த்து வளர வேண்டும் என்பது அவள் ஆசை. எனக்கும் அது பிடித்திருக்கிறது.

விசாரித்தவரையில் இரண்டு விதமான பதில்தான் கிடைக்கிறது. தண்ணீரே இல்லாத ஊரில் விவசாயம் எப்படி நடக்கும் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். பணம் இருந்தால் அங்கே நடக்காதது எதுவுமே இல்லை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இரண்டுமே எனக்குப் பயன்படவில்லை. எந்தத் தடையைப் பணத்தால் தாண்டலாம், எதைக் கைப்பழக்கத்தால் தாண்டலாம், எதை எப்படியும் தாண்ட முடியாது என்று தெரிந்தால்தான் நான் அவளுக்குப் பொறுப்போடு பதில் சொல்ல முடியும். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்களும் மண், நீர் பற்றிப் படித்தவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

தாண்டிக்குடிக்காரர் எழுதியது:

தம்பி, அபுதாபியில் ஒரு தோட்டப் பராமரிப்பு நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி இப்போது காப்பித் தோட்டம் பார்க்கிறேன். அங்கே என் கையால் செடி வைத்துக் கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

மழை அங்கே சராசரியாக ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவுதான். கொடைக்கானலில் ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆனால் நகரத்துக்குள் இருப்பவர்களுக்குக் குழாயில் தண்ணீர் வரத்தான் செய்கிறது, கடல்நீரைச் சுத்திகரித்துக் கொடுக்கிறார்கள். ஒரு மாடித் தோட்டத்துக்கு வேண்டிய அளவு தண்ணீர் கிடைப்பது பெரிய தடை அல்ல. அந்தத் தண்ணீர் செடிக்கு வந்து சேரும்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஜூலை மாதம் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. அதனால் அங்கே பலரும் கோடையில் கீசரை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் நிழலில் இருக்கும் கீசர்த் தொட்டியின் தண்ணீரைக் குளிர்ந்த நீராகப் பயன்படுத்துகிறார்கள். அப்படிச் சுட்ட தண்ணீரை வேரில் விட்டால் செடி அன்றே துவண்டுவிடும்.

அதைவிடப் பெரிய தடை இரவு வெப்பம். பகல் 41 டிகிரி என்பதை எல்லோரும் பேசுகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் இரவிலும் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே நிற்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தக்காளி பூக்கும், ஆனால் மகரந்தம் மலடாகிப் பூ உதிர்ந்துவிடும். உருளைச் செடி தழைத்து நிற்கும், கீழே கிழங்கு இறங்காது. பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவின் சூட்டிலேயே செடி மூச்சுவிட்டுச் செலவழித்துவிடுகிறது. நிழல்வலை கட்டினால் பகல் வெயிலைக் குறைக்கலாம், இரவை ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் கேட்டீர்களே, எப்படியும் தாண்ட முடியாதது எது என்று, திறந்த மாடியைப் பொறுத்தவரை அது இதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே காய்கறி இல்லை என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

மறுபுறம், அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அந்த ஊர் நன்றாகவே விளையும். ஜனவரியில் பகல் 24, இரவு 14 டிகிரி இருக்கும். தாண்டிக்குடிப் பக்கத்து நம் கீழ்மலைச் சீதோஷ்ணத்துக்கு அது பக்கத்தில் வரும், மேல்மலைக்கு வராது. கொடைக்கானலின் மே மாதமே துபாய், ஷார்ஜாவின் ஜனவரியைவிடக் குளிர்ச்சியானது என்பதை நினைவில் வையுங்கள். அதனால் தக்காளி, கத்தரி, வெள்ளரி, முட்டைக்கோஸ், முள்ளங்கி, கீரை எல்லாம் வரும். மலைப்பூண்டு வேண்டாம். பல் பிரிந்து குமிழாக அதற்கு நீண்ட குளிர் தேவை, அங்கே வெறும் தாள்தான் கிடைக்கும்.

மண்பரிசோதனை அக்கா எழுதியது:

அண்ணா இரவு வெப்பத்தைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. நான் உப்பைப் பற்றி எழுதுகிறேன். முதல் பருவம் நன்றாக விளைந்து இரண்டாம் பருவம் காரணம் தெரியாமல் படுத்துவிடும் தோட்டங்களில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கிறது.

குடிக்க நன்றாக இருக்கும் நீரிலும் உப்பு உண்டு. நீரின் மின்கடத்துத் திறன், அதாவது நாம் இ.சி. என்று சொல்வது, உப்பு கூடக் கூடக் கூடும். அது மீட்டருக்கு 0.5 டெசிசீமன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அது நல்ல நீர்தான். அப்படிப்பட்ட ஒரு லிட்டரில் ஏறத்தாழ 320 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கும். ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளுக்கு 5 லிட்டர் விட்டால் 1.6 கிராம் உப்பு சேர்கிறது, 180 நாளில் அது கால் கிலோவைத் தாண்டிவிடுகிறது. செடி நீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பில் பெரும்பகுதியைத் தொட்டியிலேயே விட்டுவிடும். இதற்கு மேல் நாம் போடும் உரத்தின் உப்பும் சேரும். பூம்பாறையில் இந்தக் கணக்கே தேவையில்லை, ஏனென்றால் பருவமழை நம் பாத்திகளைக் கழுவி இறக்கிவிடுகிறது. இங்கே மழை செய்யும் இந்த வேலையை அங்கே மனிதர்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு பாசனத்திலும் செடிக்குத் தேவையானதைவிட ஆறில் ஒரு பங்காவது கூடுதலாக விட்டு, அது அடியிலிருந்து வெளியே வடிந்து போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் அரிது என்று சொட்டுச் சொட்டாக அளந்து விட்டு, ஒரு துளிகூட வடியாமல் பார்த்துக்கொள்பவர்களின் தொட்டியில்தான் உப்பு முதலில் மேலே பூக்கும்.

பூம்பாறை அண்ணா கவனிக்க வேண்டிய இடம் இது. பயிர்களின் உப்புத் தாங்கும் திறனை மாஸ், ஹாஃப்மன் என்ற இரண்டு அறிவியலாளர்கள் 1977இல் அட்டவணையாகத் தொகுத்தார்கள். இன்றும் உலகெங்கும் அதைத்தான் பார்க்கிறார்கள். அதில் அடிமட்டத்தில் இருப்பவை பீன்ஸும் கேரட்டும். மண்ணின் உப்பு 1 டெசிசீமன்ஸைத் தாண்டிய உடனேயே அவற்றின் விளைச்சல் குறையத் தொடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் பீன்ஸ் 19 விழுக்காடு இழக்கும், கேரட் 14 விழுக்காடு இழக்கும். விளைச்சல் குறையத் தொடங்கும் அந்த எல்லை வெங்காயம், முள்ளங்கி இரண்டுக்கும் 1.2, உருளைக்கு 1.7, தக்காளிக்கு 2.5. நம் மலைப் பயிர்களில் தப்பிப்பது பீட்ரூட் ஒன்றுதான், அதன் எல்லை 4. பேரீச்சையின் எல்லையும் அதே 4தான், ஆனால் அதற்கு மேல் உப்பு ஏற ஏறப் பேரீச்சை மிக மெதுவாகத்தான் விளைச்சலை இழக்கும். தங்கை ஆசைப்படும் பீன்ஸ் கொடிதான் அங்கே எல்லாவற்றிலும் கடினமான பயிர் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிய ஊடகத்தில் (தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக நிரப்பும் பொருள்), முதல் பருவத்தில், வடிகால் நன்றாக உள்ள தொட்டியில் பிள்ளைகளுக்காக இரண்டு மூன்று கொடி வைக்கலாம்.

இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, கடல்நீரைச் சவ்வு வழியாகச் சுத்திகரிக்கும்போது மக்னீசியம் போய்விடுகிறது, போரான் ஓரளவு தங்கிவிடுகிறது. இஸ்ரேலில் அஷ்கலோன் ஆலை 2005இல் தொடங்கிய பிறகு அந்த நீரில் வளர்ந்த தக்காளியில் மக்னீசியக் குறைபாடு தெரிந்ததை அங்குள்ள ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அடி இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறினால் எப்சம் உப்பை (மக்னீசியம் சல்பேட்) கரைத்துத் தெளிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, நம் ஊர்ப் பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டு போகக் கூடாது. நம் மலை மண் புளிப்பு, பி.எச். 5ஐ ஒட்டி நிற்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரும்போடும் அலுமினியத்தோடும் கட்டுண்டு கிடக்கும், அதனால் புளிப்பைக் குறைக்க டோலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் போடுகிறோம். அங்குள்ள மணல் சுண்ணாம்பு கலந்தது, பி.எச். 8க்கு மேல்; அங்கே மணிச்சத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது, இரும்பும் துத்தநாகமும் செடிக்கு எட்டுவதில்லை. அந்த மணலை ஊடகத்தில் கலந்தால் டோலமைட்டைத் தொடவே கூடாது.

ஊடகத்துக்குப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியாகும் தென்னைநார்க் கழிவுக் கட்டிகள் அங்கே கடைகளில் கிடைக்கின்றன. அவற்றிலும் கழுவியது, கழுவாதது என்று இரண்டு வகை உண்டு. கழுவாத கட்டியை ஊறவைத்துப் பிழிந்த நீரில் இ.சி. அளவியை வைத்துப் பார்த்தால் செடி வைப்பதற்கு முன்பே உப்பு எகிறி நிற்பது தெரியும். கையடக்க இ.சி. அளவி ஒன்றை முதல் செலவிலேயே வாங்கச் சொல்லுங்கள். விதையைவிட அது முக்கியம்.

பூம்பாறை உழவன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பீன்ஸ் அட்டவணையின் அடியில் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒரு சந்தேகம் கேட்கிறேன். தங்கையின் கணவர், மாடியே வேண்டாம், ஓர் அறையை எடுத்துக் குளிரூட்டி வைத்து, விளக்கொளியில் அடுக்கடுக்காகக் கீரை வளர்க்கலாம், துபாயில் பெரிய நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன என்கிறார். அது குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

பெருமாள்மலை பசுமைக்குடில் எழுதியது:

நான் இங்கே பசுமைக்குடிலில் மண்ணில்லாச் சாகுபடி செய்கிறேன், அந்தத் துறையை நேசிப்பவன் என்ற முறையிலேயே பதில் சொல்கிறேன்.

துபாயில் அல் மக்தூம் விமான நிலையத்துக்கு அருகே 2022 ஜூலையில் புஸ்தானிக்கா என்ற அடுக்குப் பண்ணை திறக்கப்பட்டது. மூன்று லட்சத்து முப்பதாயிரம் சதுர அடி. ஆண்டுக்குப் பத்து லட்சம் கிலோவுக்கு மேல் இலைக் காய்கறி விளைவிக்கும் திறன். திறந்தவெளிச் சாகுபடியைவிட 95 விழுக்காடு குறைவான தண்ணீர் என்கிறார்கள். அது விமான உணவு தயாரிக்கும் குழுமத்தின் கையில் நடப்பது, விளைவதை வாங்க ஆள் வாசலிலேயே இருக்கிறது. அதே தொழிலில் அமெரிக்காவில் முன்னோடியாக இருந்த ஏரோஃபார்ம்ஸ் நிறுவனம் 2023 ஜூனில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போக வேண்டி வந்தது.

மின்சாரக் கணக்கைப் பாருங்கள். விளக்கு, குளிரூட்டி, ஈரம் உறிஞ்சும் கருவி எல்லாம் சேர்ந்து அடுக்குப் பண்ணையில் ஒரு கிலோ லெட்யூஸுக்கு (சாலட் கீரை) பத்து யூனிட் அளவிலோ அதற்கு மேலோ மின்சாரம் போகும். கடல்நீரை நன்னீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் போதும். அந்த ஒரு கிலோ இலைக்கு ஆகும் மின்சாரத்தில் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் கடல்நீரைச் சுத்திகரித்துவிடலாம். தண்ணீரைச் சேமித்ததாகச் சொல்லும்போது எதைக் கொடுத்து எதைச் சேமித்தோம் என்று பார்க்க வேண்டும். இலையைத் தவிர வேறு எதையும் இந்த முறையில் கட்டுப்படியாகும்படி பெரிய அளவில் விளைவிப்பது அரிது. குடும்பங்கள் ஓர் அறையில் செய்தால் மின்கட்டணத்துக்கே பணம் சரியாகப் போய்விடும்.

மாடியிலேயே குழாய்க்குள் ஊட்டக் கரைசலை ஓடவிட்டு மண்ணில்லாமல் வளர்க்கும் நீரோட்டச் சாகுபடி செய்யலாமா என்றும் கேட்பார்கள். குளிர்காலத்தில் செய்யலாம். ஊட்டக் கரைசல் 20 டிகிரியில் இருந்தால் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும், 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறையும். அதே நேரத்தில் வேரின் தேவையும் வேரழுகல் பூஞ்சையின் வேகமும் கூடிவிடும். கரைசலைக் குளிர்விக்கக் கருவி வேண்டும். ஈரத்திரை வைத்துக் காற்றாடியால் இழுக்கும் குடில்கள் உள்நாட்டு வறண்ட காற்றில் வேலை செய்யும். கடற்கரை நகரமான ஷார்ஜாவில் ஆகஸ்டில் காற்றே ஈரமாகிவிடுவதால் ஈரத்திரை குளிர்விப்பதை நிறுத்திவிடும், தண்ணீர் மட்டும் செலவாகும்.

தாண்டிக்குடிக்காரர் எழுதியது:

அந்த ஊர்க்காரர்கள் இயந்திரம் இல்லாத காலத்திலும் விளைவித்துத்தான் சாப்பிட்டார்கள். அல் ஐன் சோலைக்குப் போனால் அதைப் பார்க்கலாம். ஃபலஜ் என்ற கால்வாயில் மலையடிவார நிலத்தடி நீர் சரிவிலேயே ஓடி வரும். மேலே பேரீச்சை, அதன் நிழலில் மா, எலுமிச்சை, அடியில் தீவனமும் காய்கறியும். 2011இல் அல் ஐன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தாண்டிக்குடியில் சில்வர் ஓக் மர நிழலில் ஆரஞ்சு, அதன் கீழ் காப்பி, இடையில் மலைவாழை என்று நாங்கள் வைத்திருப்பதும் இதே முறைதான். நிழலை முதலில் போட்டுவிட்டுப் பிறகுதான் பயிரை யோசிக்க வேண்டும். உங்கள் தங்கையின் மாடியில் பேரீச்சை வைக்க முடியாது, எனவே தெற்கிலும் மேற்கிலும் ஐம்பது விழுக்காடு நிழல்வலை. புழுதிக் காற்று வலையைக் கிழித்துவிடும் என்பதால் கம்பத்தைச் சுவரோடு இறுக்கிக் கட்ட வேண்டும். தண்ணீர்க் குழாயை வெள்ளைத் துணி சுற்றி நிழலில் கொண்டுபோக வேண்டும், பாசனம் விடியற்காலையில்.

ஷார்ஜா பண்ணைக்காட்டுக்காரி எழுதியது:

வணக்கம் அண்ணா. பண்ணைக்காட்டைச் சேர்ந்த நான் இப்போது ஷார்ஜாவில்தான் இருக்கிறேன். மேலே எழுதியவர்கள் வெப்பம், உப்பு, மின்சாரம் பற்றி எழுதிவிட்டார்கள். இங்கே தோட்டம் போட முயன்ற குடும்பங்கள் பெரும்பாலும் நின்றுபோனது இவற்றில் எதிலும் அல்ல. அந்த மாடி நமக்குச் சொந்தம் இல்லை என்பதில்தான்.

வாடகை ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பது. இந்த ஆண்டு சரி என்ற உரிமையாளர் அடுத்த ஆண்டு கட்டடத்தை விற்றுவிடலாம், பராமரிப்பு நிறுவனம் மாறலாம், நம் வேலையும் விசாவும் மாறலாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன் வாய்மொழியாகக் கொடுத்த அனுமதியை நம்பிக் குடும்பங்கள் தொட்டி அடுக்கின. தக்காளி பழுக்கும் நேரத்தில் ஆய்வுக்கு வந்த அதிகாரிகள், ஒரே நாளில் எல்லாவற்றையும் இறக்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மொட்டை மாடி தீ விபத்தின்போது ஆட்கள் ஏறி நிற்க வேண்டிய இடம், குளிரூட்டி இயந்திரங்களும் தண்ணீர்த் தொட்டிகளும் இருக்கும் இடம். அதை அடைக்கக் கூடாது என்பதில் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆகவே எந்தப் பகுதி, எத்தனை சதுர மீட்டர், எவ்வளவு எடை என்று குறிப்பிட்டு உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். குளிரூட்டியின் சூட்டுக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் இடம் கேட்கச் சொல்லுங்கள்.

எடையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஒப்பீட்டுக்குச் சொன்னால், ஆட்கள் நடமாடும் மாடிக்கு இந்தியக் கட்டட விதி சதுர மீட்டருக்கு 150 கிலோ என்றுதான் கணக்கிடுகிறது. ஓர் அடி ஆழத்துக்கு நனைந்த மண்ணைப் பரப்பினால் 500 கிலோவை எட்டிவிடும். தென்னைநார் ஊடகம் ஏறத்தாழப் பாதி எடைதான், ஆழத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். மழையே இல்லாத ஊர்தானே என்று வடிகால் துளையைத் தொட்டியால் அடைப்பவர்களும் உண்டு. 2024 ஏப்ரல் 16 அன்று ஓராண்டு மழைக்கும் மேலாக ஒரே நாளில் கொட்டியபோது மாடிகளில் தண்ணீர் தேங்கி வீடுகளுக்குள் இறங்கியது.

விதையைப் பெட்டியில் போட்டுக் கொடுத்து விடாதீர்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டு வந்தால் பறித்துக்கொள்வார்கள், மண்ணும் சாணமும் அறவே கூடாது. இங்கேயே கடைகளில் நல்ல விதை கிடைக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விடுவதால் தண்ணீர் விட ஆள் இருக்காது என்ற கவலையும் உங்களுக்கு வேண்டாம், அந்த மாதங்களில் எதுவும் வைக்கப் போவதில்லை. கிளம்பும் முன் ஊடகத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரத்தோடு கண்ணாடி போன்ற நெகிழித் தாளால் இறுக மூடிவிட்டு வாருங்கள் என்று சொல்லுங்கள். நூற்புழுவையும் பூஞ்சையையும் வெயிலே அழித்துவிடும்.

பூம்பாறை உழவன் எழுதியது:

நன்றி அம்மா. எழுத்து அனுமதியும் இ.சி. அளவியும் கைக்கு வந்த பிறகே என் பங்குப் பணம் என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன், அவளும் ஒப்புக்கொண்டாள். அக்டோபர் கடைசியில் பீட்ரூட், முள்ளங்கி, கீரை, தக்காளியோடு தொடங்குகிறார்கள். மண்பரிசோதனை அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். பீட்ரூட்டின் எல்லை 4 என்றீர்களே, அப்படியானால் அதற்கு உப்பு பற்றிக் கவலையே வேண்டாமா?

மண்பரிசோதனை அக்கா எழுதியது:

வளர்ந்த செடிக்குத்தான் அந்த 4, அண்ணா. முளைக்கும்போது பீட்ரூட் அவ்வளவு தாங்காது, விதை கிடக்கும் இடத்தில் உப்பு 3ஐத் தாண்டக் கூடாது. பீட்ரூட்டின் விதைக் கொத்தில் முளைப்பைத் தடுக்கும் பொருளும் இருப்பதால் ஓர் இரவு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கழுவி ஊன்றச் சொல்லுங்கள். உப்பு ஈரத்தோடு மேலேறிப் பாத்தியின் உச்சியில்தான் சேரும், எனவே விதையை மேட்டின் நடுவில் வைக்காமல் சரிவில் வைக்க வேண்டும். இரண்டு இலை விடும்வரை உரம் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.